நோம்பி இரவு, மூன்று பையன்கள், ஒரு கைப்பேசி: நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவில் ஊர், காவல் நிலையம், பள்ளி, தேதி எதுவும் இல்லை. விசாரணைக்கு உள்ளான 18 வயதுக்குட்பட்டவரை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிட சிறார் நீதிச் சட்டம் (2015) 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. இங்கே பெரிய காயமே அந்தத் தடை மீறப்பட்டதால் வந்தது என்பதால் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. சம்பவம் 2024 ஜூலைக்குப் பிந்தையது. ஆகவே பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) பிரிவுகள் சொல்லப்படுகின்றன.

பின்னணி

கோவை, திருப்பூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் விசைத்தறிப் பகுதியில் ஒரு ஊர். பங்குனியில் மாரியம்மன் நோம்பி (கோவில் திருவிழா) சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால் ஊர் ராத்திரியில் தூங்காது. மாவிளக்கு நாளில் கூட்டம் உச்சத்துக்குப் போகும். பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். தறி ஓட்டவும் பனியன் கம்பெனிக்குப் போகவும் வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் குடியிருக்கின்றன. பெரும்பாலும் தேனி, மதுரை, ராமநாதபுரம் பக்கம். வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இங்கேயே பிறந்து கொங்குப் பேச்சுதான் பேசுகிறார்கள். ஆனாலும் ஊர்க்காரர் வாயில் அவர்கள் இன்னும் "பொழைக்க வந்தவங்க"தான்.

பையன்கள் நால்வர், எல்லோரும் ஒரே கிரிக்கெட் அணி. ஒருவன் 15 வயது முடிந்தவன், அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு; பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்தது. இரண்டாமவன் 17, பாலிடெக்னிக் முதலாண்டு. மூன்றாமவன் 16, ஒன்பதாவதோடு நின்று பனியன் கம்பெனியில் கைமடிக்க (துணி மடித்துக் கொடுக்கும் உதவி வேலைக்கு) போகிறவன். இந்த மூவரும் லைன் வீட்டுக்காரர்கள். நான்காமவன் 17, உள்ளூர். அப்பாவுக்குத் தென்னந்தோப்பும் சொந்தத் தறியும் உண்டு. அவனைத் தோட்டத்துப் பையன் என்று இங்கே குறிப்பிடுகிறோம்.

அன்றிரவு

கீழே வரும் நேரங்கள் மூன்று பையன்களையும் தனித்தனியாகக் கேட்டு, பாட்டுக் கச்சேரி முடிந்தது, கடைசி பஸ் போனது ஆகியவற்றோடு ஒத்துப் பார்த்து எடுத்தவை.

இரவு 10.30 வாக்கில் வளையல் கடைக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் கைப்பேசி காணாமல் போனது. பந்தோபஸ்தில் இருந்த காவலரிடம் வாய்மொழியாகச் சொன்னார். 10.45-க்குப் பஸ் நிறுத்தம் அருகே ஒரே பைக்கில் மூவர் வந்தார்கள். ஓட்டியவன் தோட்டத்துப் பையன், பின்னால் பத்தாவது படிப்பவனும் பாலிடெக்னிக் பையனும். கைமடிக்கிறவன் பக்கத்தில் நடந்து வந்தான். டார்ச் அடித்து நிற்கச் சொன்னதும் பின்னால் இருந்த இருவரும் குதித்து ஓடினார்கள். சில அடிகளிலேயே பிடிபட்டார்கள். ஏன் ஓடினீர்கள் என்று கேட்டதற்கு இருவரும் தனித்தனியே சொன்ன பதில் ஒன்றுதான்: மூணு பேர் போனதுக்கு அபராதம் போடுவாங்கன்னு பயம்.

சட்டைப்பைகளைச் சோதித்தபோது கைமடிக்கிறவனிடம் இருந்த கைப்பேசிக்கு பில் இல்லை. கம்பெனியில் கூட வேலை செய்பவரிடம் 4,500 ரூபாய்க்கு இரண்டாம் கையாக வாங்கியது. நால்வரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

நிலையத்தில் முதல் கேள்வி: "யாரூட்டுப் பையன்டா நீ?" தோட்டத்துப் பையன் அப்பா பெயரைச் சொன்னான். அரை மணிக்குள் அப்பா வந்து, பையனையும் பைக்கையும் கூட்டிக்கொண்டு போனார். அபராதமும் இல்லை, பதிவும் இல்லை. 17 வயதில் உரிமம் இல்லாமல் பைக் ஓட்டியது மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி வண்டி உரிமையாளர் அல்லது பெற்றோரைப் பொறுப்பாக்கும் குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அன்றிரவு பையன்கள் தரப்பில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நடந்த சட்டமீறல்களில் கனமானது அதுதான்.

மற்ற மூவரையும் தரையில் உட்கார வைத்தார்கள். பத்தாவது படிப்பவனுக்குக் கன்னத்தில் இரண்டு அறை. பாலிடெக்னிக் பையனுக்குத் தொடையில் லத்தி அடி, அவன் நெற்றிமுடியைக் கத்தரியால் வெட்டினார்கள். மூவரையும் சுவரோரம் நிற்க வைத்து ஒரு காவலர் தன் சொந்தக் கைப்பேசியில் படம் எடுத்தார். பேட்டர்னைப் போடச் சொல்லிப் போனைத் திறந்து பார்த்தார்கள். வீட்டு எண்ணைக் கேட்டபோது இரண்டு பேருக்கு அம்மாவின் எண் மனப்பாடமாகத் தெரியவில்லை, போனில்தான் இருந்தது. இந்தச் சின்ன விஷயம் தகவல் போய்ச் சேர ஒன்றரை மணி நேரத்தைத் தின்றது.

நள்ளிரவுக்குமேல் தாய்மார் மூவரும் வந்தார்கள். 1.50-க்கு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். தாளில் என்ன எழுதியிருந்தது என்று இருவருக்குத் தெரியாது. மூன்றாமவர், பாதிக்குமேல் வெறுமையாக இருந்தது என்றார். கைமடிக்கிறவனின் கைப்பேசியை நிலையத்திலேயே வைத்துக்கொண்டார்கள். ரசீது தரவில்லை.

அடுத்த இரண்டு நாள்

காணாமல் போன கைப்பேசி மறுநாள் காலை வளையல் கடையின் தார்ப்பாய்க்கு அடியில் கிடைத்தது. உரிமையாளர் நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டார். பையன்களின் வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குள் சுவரோரம் நிற்கும் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்திருந்தது, "நோம்பியில் போன் அடித்தவர்கள், உஷார்" என்ற வரியோடு. மதியத்துக்குள் லைன் வீடுகளின் உரிமையாளர் வந்து, "இந்த மாசத்தோட காலி பண்ணிக்குங்க" என்று இரண்டு குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டுப் போனார். கைமடிக்கிறவனைக் கான்ட்ராக்டர் போனில்தான் வேலைக்குக் கூப்பிடுவார். போன் இல்லாததால் அந்த வார வேலை போனது.

பத்தாவது பையன் தேர்வு எழுதப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டபோதுதான் அவன் அம்மா வகுப்பாசிரியையிடம் விஷயத்தைச் சொன்னார். ஆசிரியை மூன்றாம் நாள் காலை குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் களப்பணியாளரும், வட்டச் சட்டப் பணிகள் குழு வழியாக ஒரு வழக்கறிஞரும் அன்று மாலைக்குள் சேர்ந்தார்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு (சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12). 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஆவணங்களைச் சேர்த்தது

முதல் வேலை ஆறுதல் சொல்வது அல்ல, பதிவு செய்வது. மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால் ஒருவன் சொன்னதை மற்றவன் தன் ஞாபகமாக எடுத்துக்கொள்வான். பின்னால் குறுக்குக் கேள்வி வரும்போது மூன்றும் சேர்ந்து சரியும். அதனால் தனித்தனியாக, அவரவர் பேச்சுநடையிலேயே எழுதப்பட்டது. "அடித்தார்" என்று பொதுவாக நிறுத்தாமல் எந்தக் கை, எந்த இடம், எத்தனை முறை, அப்போது அறையில் வேறு யார் என்று கேட்கப்பட்டது. அடித்த காவலரின் பெயர்ப்பட்டையைப் படித்தவன் ஒருவன்தான். மற்ற இருவர் சொன்னது உயரமும் மீசையும். அதையும் அப்படியே எழுதினார்கள், பெயரை அவர்கள் வாயில் போடவில்லை.

மருத்துவம்: தொடையில் தடம் மூன்றாம் நாளும் தெரிந்தது. அரசு மருத்துவமனையில் காவலர் அடித்ததாகச் சொன்னால் ஏ.ஆர். (விபத்துப்) பதிவேட்டில் ஏற்றி, நிலையத்துக்குத் தகவல் அனுப்புவார்கள். தகவல் போவதோ அதே நிலையத்துக்கு! பாலிடெக்னிக் பையனின் பெற்றோர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். பத்தாவது பையனின் அம்மா மறுத்துவிட்டார். அவனுக்கு வெளிநோயாளர் சீட்டு மட்டும் எடுக்கப்பட்டது. தனியார் கிளினிக்குக்குப் போயிருந்தால் "கீழே விழுந்தது" என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்படி ஒரு சீட்டு கையில் இருப்பதைவிட ஒன்றும் இல்லாதது மேல்.

வயதுச் சான்று: சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு வரிசை சொல்கிறது. முதலில் பள்ளிப் பிறப்புத் தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் ஆதாரைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுகின்றன. கைமடிக்கிறவனுக்குப் பழைய பள்ளியிலிருந்து பிறப்புத் தேதிச் சான்று வாங்கப்பட்டது.

வாட்ஸ்அப்: படத்தை வெட்டாமல், குழுவின் பெயர், அனுப்பியவர் எண், நேரம் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். "ஆதாரத்துக்காக" என்று கூட வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது. அனுப்பினால் அனுப்பியவரும் 74-ஆம் பிரிவுக்குள் வருவார் (ஆறு மாதம்வரை சிறை அல்லது 2 லட்சம்வரை அபராதம், இரண்டும் கூட). படம் வந்த கைப்பேசியை அப்படியே வைத்திருக்கச் சொல்லப்பட்டது. மின்னணுச் சான்றாகக் கொடுக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் தேவைப்படும். போனை ரீசெட் செய்துவிட்டால் அந்தச் சான்றிதழை மனசாட்சியோடு கொடுக்க முடியாது. படத்தின் பின்புலத்தில் நிலையச் சுவரின் அறிவிப்புப் பலகை பாதி தெரிந்தது. அது பிறகு பெரிதாக உதவியது.

கேமரா: பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. கருவிக்கு அந்தத் திறன் இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. நடைமுறையில் வன்தட்டு நிரம்பினால் பழையது அழிந்துவிடும் என்பதால், பாதுகாக்கச் சொல்லும் கடிதம் முதல் வாரத்திலேயே ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் போனது. கேமரா எண் தெரியாதபோது "வரவேற்பு மேசை, நுழைவாயில், பின்பக்க வராந்தா" என்று இடத்தைச் சொல்லி, "இரவு 10.30 முதல் 2.15 வரை" என்று நேரத்தையும் குறித்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

திருட்டுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 303-இன்படி அதிகபட்சம் மூன்றாண்டு. சிறார் சட்டத்தின் கணக்கில் அது சிறு குற்றம். அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளின் 8-ஆம் விதி, கொடுங்குற்றம் என்றாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோ தவிர, சிறார்மேல் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்கிறது. பொது நாட்குறிப்பில் தகவலை எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையைச் சிறார் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும். பிடித்து வைக்கும் அதிகாரமும், பையனின் நலனுக்குத் தேவைப்பட்டால் ஒழிய, கொடுங்குற்றத்துக்கு மட்டுமே. விசாரிப்பவர் சீருடையில் இருக்கக் கூடாது, எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது, பெற்றோருக்கு உடனே சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் தகுதிக்குக் குறையாத ஒருவர் குழந்தை நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும் (சிறார் நீதிச் சட்டம், பிரிவு 107). இந்த நிலையத்தின் பலகையில் ஒரு பெயர் இருந்தது, ஆனால் அவர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார்.

பொருளைக் கைப்பற்ற பி.என்.எஸ்.எஸ். 106 இடம் தருகிறது. ஆனால் கைப்பற்றினால் மகஜர் (கைப்பற்றியதற்கான எழுத்துப் பதிவு) வேண்டும், நடுவருக்குத் தகவல் போக வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாமல் மேசை டிராயரில் கிடக்கும் போன் கைப்பற்றிய பொருள் ஆகாது.

ஒரு வாதத்தைக் கைவிட வேண்டியிருந்தது. 15 வயதுக்குட்பட்ட ஆண் சாட்சியை வீட்டைவிட்டு வேறு எங்கும் வரச் சொல்லக் கூடாது என்ற பி.என்.எஸ்.எஸ். 179-ஆம் பிரிவை ஆசிரியை நினைவூட்டினார். பையனுக்கு 15 முடிந்துவிட்டது. அதுவும் போக, அந்தப் பிரிவு சாட்சிகளுக்கானது, சந்தேகப்படுபவருக்கு அல்ல. பொருந்தாத பிரிவு ஒன்றை மனுவில் சேர்த்தால் எதிர்த்தரப்பு அதை மட்டுமே பிடித்துக்கொண்டு பதில் எழுதும்.

எதைக் கேட்பது, எதை விடுவது

இங்கேதான் நேரம் பிடித்தது. பையன்களிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டபோது வந்த பதில்களில் அடி கடைசியில் இருந்தது. போன் வேண்டும், குழுவில் இருக்கும் படம் போக வேண்டும், திருடவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே மூவரும் ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள்: "அவன மட்டும் ஏன் உட்டாங்க?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் நேரான மனு கிடையாது. அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவைச் சொல்லலாம். ஆனால் நடைமுறையில் அதற்குக் கிடைக்கக்கூடிய ஒரே பதில் தோட்டத்துப் பையனின் அப்பாமேல் 199ஏ வழக்குப் போடுவதுதான். அதை விளக்கியபோது பாலிடெக்னிக் பையன் சொன்னான்: "அவனையும் புடிச்சு உக்கார வைங்கன்னு கேக்கலீங்க. எங்களையும் அப்பவே அனுப்பியிருக்கலாமில்லீங்களா?" சட்டம் அளக்கிற அநியாயமும் பையன்கள் அளக்கிற அநியாயமும் வேறுவேறு என்பதைக் கவனிக்காமல் மனு எழுதினால், வழக்கு ஜெயித்தாலும் பையன்கள் தோற்றதாகவே நினைப்பார்கள்.

பெற்றோரின் கணக்கு இன்னொன்று. "பொழைக்க வந்த ஊருல போலீசோட மோதி நிக்க முடியுமா?" 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்ததைத் தாய்மாரில் ஒருவர் இரண்டு முறை சொன்னார். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. அடுத்த நோம்பிக்கும் அதே ஜீப் அதே தெருவில்தான் வரும்.

மூன்று வழிகள் பேசப்பட்டன. ஒன்று, நிலையத்துக்கே போய்ச் சொல்லிப் போனை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவது. இதில் போன் வரும், படம் போகாது, கையெழுத்துப் போட்ட தாளும் அங்கேயே இருக்கும். இரண்டாவது, எல்லாவற்றையும் சேர்த்து மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவது. அங்கே நேரம் பிடிக்கும், அதற்குள் வீடு காலியாகிவிடும். மூன்றாவது, இரண்டாகப் பிரிப்பது: உடனே சரிசெய்யக்கூடியதைக் கண்காணிப்பாளர் மனுவில் கேட்பது, அடித்ததைப் பிறகு ஆணையத்துக்குக் கொண்டுபோவது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் ஆணையத்துக்குப் போய்விட வேண்டும், அதற்குமேல் எடுக்கமாட்டார்கள். இருப்பது ஓராண்டு என்பதால் மூன்றாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. களப்பணியாளர் ஒருவர் இதை ஏற்கவில்லை. அடியைப் பிரித்து வைத்தால் அது சின்ன விஷயம் ஆகிவிடும் என்றார். அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு தாய்மார் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தது இந்த வடிவத்துக்குத்தான்.

மனு ஒரு பக்கம். "கொடூரமாக", "மனிதாபிமானமற்ற" போன்ற சொற்கள் எடுக்கப்பட்டன. நேரமும் இடமும் நடந்ததும் மட்டும். கோரிக்கை நான்கு: கைப்பேசியைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் கைப்பற்றிய ஆவணம் தர வேண்டும்; வெள்ளைத் தாளைத் திருப்பித் தர வேண்டும்; எடுத்த படத்தை அழித்து, அது வெளியே போனது எப்படி என்று விசாரிக்க வேண்டும்; மூவர்மேலும் எந்த வழக்கும் இல்லை என்று எழுத்தில் தர வேண்டும். ஒரு உத்தரவில் முடியக்கூடியவை. புதன்கிழமை மனு நாளில் தாய்மாரே நேரில் கொடுத்து ரசீது வாங்கினார்கள். பையன்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை; அன்று ஒருவனுக்குத் தேர்வு, தவிர மனு நாள் கூட்டத்தில் அவர்கள் முகம் இன்னொரு முறை காட்சிக்கு வைக்கப்படத் தேவையில்லை.

அதே நாளில் தகவல் உரிமை மனுவும் தாயின் பெயரில் போனது, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையுடன். பலர் இங்கே தவறுகிறார்கள்: "என் மகனை ஏன் பிடித்தீர்கள்?" என்று கேட்பார்கள். காரணம் கேட்கும் கேள்விக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் வராது, ஆவணம்தான் வரும். ஆகவே கேட்டது: அன்றிரவு 10 மணி முதல் காலை 6 வரையிலான பொது நாட்குறிப்பின் நகல், காணாமல் போன கைப்பேசி பற்றிய சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான பதிவு) நகல்; குழந்தை நலக் காவல் அலுவலர் நியமன ஆணை; கேமரா பழுதானால் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகள்; அன்றிரவு யாருடைய படமாவது முக அடையாளச் செயலியில் ஏற்றப்பட்டதா என்பதற்கான பதிவு. தமிழகக் காவல்துறை 2021 முதல் அந்தச் செயலியைப் பயன்படுத்துகிறது. பாலிடெக்னிக் பையனின் பெரிய பயமே நாளைக்கு வேலைக்குச் சரிபார்க்கும்போது தன் முகம் அதில் வந்து நிற்குமோ என்பதுதான்.

ஆய்வாளருடன் சந்திப்பு

அடுத்த வாரம் சிறப்பு சிறார் காவல் பிரிவின் டி.எஸ்.பி. ஏற்பாட்டில், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அறையில் சந்திப்பு நடந்தது. நிலையத்தில் வேண்டாம் என்பது வழக்கறிஞரின் நிபந்தனை. அந்த நிலையத்தின் ஆய்வாளர் சாதாரண உடையில் வந்தார்.

அவர் தரப்பையும் எழுதத்தான் வேண்டும். கூட்டத்துக்கு ஏற்ற ஆள் இல்லை. நோம்பி தொடங்கியதிலிருந்து இரண்டு நகைப் பறிப்புப் புகார்கள். நிற்கச் சொன்னால் ஓடுகிறார்கள், பில் இல்லாத போன் இருக்கிறது, யாரிடம் வாங்கினாய் என்றால் முதலில் ஒரு பெயர், அடுத்து வேறு பெயர். சந்தேகம் வரத்தானே செய்யும்? சந்தேகம் வந்ததில் தவறில்லை என்று வழக்கறிஞரும் ஒப்புக்கொண்டார். இரண்டு பெயர் வந்த காரணம்: விற்றவரின் பட்டப்பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று.

சந்தேகத்தைத் தீர்க்க அன்றிரவே வழி இருந்தது. பையனின் கைப்பேசியில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். தொலைந்த போனின் எண் அதன் பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். புகார் கொடுத்த பெண்ணின் வீடு அரை கிலோமீட்டருக்குள். அதுகூட வேண்டாம், இரண்டும் வேறு வேறு கம்பெனி போன். நிறம் கூட ஒன்றல்ல. தொலைந்த போன் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வாய்மொழிப் புகாருக்கு சி.எஸ்.ஆர். போடாததால் அந்தக் கேள்விக்கான கட்டமே வரவில்லை. எழுதாமல் விடுவது வேலையைக் குறைக்கும் என்று நினைத்து விடுகிறார்கள், கடைசியில் மூன்று மணி நேரம் வீணானது அதனால்தான்.

தோட்டத்துப் பையனை அனுப்பியது பற்றிக் கேட்டபோது, "பெற்றோர் வந்தார்கள், ஒப்படைத்தோம்" என்றார். பத்தாவது பையனின் அம்மா அங்கேதான் முதன்முறையாகப் பேசினார்: "நாங்களும் வந்தமுங்க சார். எங்களுக்கு யாரும் போன் பண்ணல." ஆய்வாளர் பதில் சொல்லவில்லை.

என்ன கிடைத்தது

கைப்பேசி இரண்டு நாளில் வந்தது. திருப்பித் தரும்போது தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார்கள்: "பெற்றுக்கொண்டேன், இது தொடர்பாக எனக்கு எந்தப் புகாரும் இல்லை." இது வழக்கமான தாள், பலர் மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வழக்கறிஞர் இரண்டாம் பாதியைக் கோடு போட்டு அடித்து, ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் தேதியையும் நேரத்தையும் எழுதச் செய்து, தாயிடம் கையெழுத்து வாங்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

வெள்ளைத் தாள் "கிழித்துவிட்டோம்" என்று வாயால் சொல்லப்பட்டது. அதை எழுத்தில் வாங்க முடியவில்லை. வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை என்ற கடிதம் கண்காணிப்பாளர் அலுவலகத்திலிருந்து வந்தது. அதன் நகலை லைன் வீடுகளின் உரிமையாளரிடம் ஆசிரியையே கொண்டுபோய்க் காட்டினார். காலி செய்யச் சொன்ன பேச்சு அதோடு நின்றது. ஒரு குடும்பம் மட்டும் அதற்குள் வேறு லைனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டது.

படம் எடுத்த காவலர் ஆயுதப்படைக்கு மாற்றப்பட்டார். குழுவிலிருந்து படத்தை அட்மின் நீக்கினார், விளக்கமோ வருத்தமோ எழுதவில்லை. "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்பதைப் பார்த்து யாரும் பையன்கள் திருடவில்லை என்று புரிந்துகொள்ளப் போவதில்லை. திருத்தம் ஒன்றைக் குழுவில் போடச் சொல்லி மனுவிலேயே கேட்டிருக்கலாம்.

தகவல் உரிமைப் பதில் முப்பதாம் நாள் வந்தது. அன்றிரவு நாட்குறிப்பில் பையன்கள் பற்றி ஒரு வரியும் இல்லை. எதிர்பாராத வகையில் அதுவே வலுவான ஆவணம் ஆனது: பலகை தெரியும் படம் ஒரு பக்கம், பதிவே இல்லை என்ற பதில் இன்னொரு பக்கம். முக அடையாளச் செயலியில் ஏற்றவில்லை என்று பதில். கேமரா பழுது என்று பதில், எப்போதிலிருந்து என்பதற்கு ஆவணம் இல்லை.

அடித்தது குறித்து மனித உரிமை ஆணையத்துக்குப் போனது பாலிடெக்னிக் பையனின் குடும்பம் மட்டும். கையில் ஏ.ஆர். நகல் இருந்தது அவர்களிடம்தான். மற்ற இருவரையும் யாரும் வற்புறுத்தவில்லை. தோட்டத்துப் பையன் அன்று மாலை முழுக்க எல்லோரும் சேர்ந்துதான் இருந்தோம் என்று எழுதித் தரத் தயாராக இருந்தான். அவன் அப்பா, "நமக்கெதுக்குடா வம்பு" என்று நிறுத்திவிட்டார். அணி கலைந்துவிட்டது. பத்தாவது பையன் மீதித் தேர்வுகளை எழுதித் தேறினான். பாலிடெக்னிக் பையன் நிலையம் இருக்கும் ரோட்டில் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறான்.

அடுத்த நோம்பிக்கு முன்

குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டவை எளியவை. அம்மா அல்லது அப்பாவின் எண்ணைப் பையன்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இரண்டாம் கை போன் வாங்கினால் விற்றவரிடம் பெயர், ஐ.எம்.இ.ஐ. எண், தொகை, தேதி எழுதி வாங்க வேண்டும். ஒரு துண்டுத் தாள் போதும். நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும், வயதையும் படிக்கும் இடத்தையும் முதலிலேயே சொல்ல வேண்டும். பைக்கில் மூன்று பேர் போனதற்கான அபராதம் ஓடியதன் விலையைவிட மிகக் குறைவு.

நிலையத்துக்குப் போகும் பெற்றோர் கையில் பள்ளிச் சான்றின் நகல் இருக்கட்டும். போகும் வழியிலேயே 1098-ஐ அழைத்துவிட்டால் அழைத்த நேரம் பதிவாகிவிடும். உள்ளே கேட்க வேண்டியவை: என்ன புகார், சி.எஸ்.ஆர். எண் என்ன, குழந்தை நலக் காவல் அலுவலர் யார். குரலை உயர்த்தாமல் கேட்டால் போதும். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது சரியான அறிவுரை, ஆனால் நள்ளிரவில் பையன் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது அதைக் கடைப்பிடிப்பது எல்லோருக்கும் முடியாது. போடத்தான் வேண்டியிருந்தால் வெற்றிடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடைத்து, கையெழுத்துக்குக் கீழே தேதியும் மணியும் எழுதுங்கள். விட்ட மறுநாளே, தடம் மறையுமுன், அரசு மருத்துவமனை.

பள்ளி தரப்பிலும் ஒரு மாற்றம் வந்தது. காவலர்–மாணவர் சந்திப்பு என்றால் இதுவரை ஒரு மணி நேரம் போதைப்பொருள், தலைக்கவசம் பற்றிய சொற்பொழிவாகவே முடிந்துகொண்டிருந்தது. ஜூனில் நடந்த சந்திப்புக்கு முன்பே பெயர் போடாத சீட்டுகளில் கேள்விகளை எழுதி வாங்கினார்கள். அதிகம் வந்தவை இரண்டு: "யாரூட்டுப் பையன்னு எதுக்குக் கேக்கறீங்க?", "முடிய எதுக்கு வெட்டறீங்க?" வந்திருந்த உதவி ஆய்வாளர் இரண்டாவதற்கு அப்படி ஓர் அதிகாரம் காவலருக்கு இல்லை என்று மேடையிலேயே சொன்னார். முதலாவதற்கு, பெற்றோருக்குத் தகவல் சொல்லத்தான் என்றார். அப்படியானால் அப்பா பெயரைக் கேட்கிற அதே மூச்சில் போன் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளலாமே என்று தலைமையாசிரியர் சொன்னது சந்திப்புக் குறிப்பில் ஏறியிருக்கிறது.

நிலையப் பலகையில் குழந்தை நலக் காவல் அலுவலரின் பெயரும் எண்ணும் புதுப்பிக்கப்பட்டுவிட்டன. கேமரா ஆவணம் பற்றிய முதல் மேல்முறையீட்டுக்குப் பதில் வராததால், 90 நாள் கெடுவுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு அனுப்பப்பட்டுள்ளது. மனித உரிமை ஆணையத்தில் புகார் எண் கிடைத்திருக்கிறது, விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.